சர்வருக்குக் கொடுத்த ஒரு மணி நேர ஓய்வு

"இணையத்தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடப்போகிறேன்" என்று நான் முதன்முதலில் சொன்னபோது என் மாமனார் கேட்ட கேள்வி, "எந்த ரோட்டுல?"

தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்களை வேலை வாங்கியே பழகியவர். கண்ணில் படாத எதையும் சொத்தாக ஒப்புக்கொள்ள மாட்டார். "எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள மாமா" என்றேன். "அப்ப வாடகக்காரன் எப்படி உள்ள போவான்?" என்றார். அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பி, "ரவாங் ஃபேக்டரி வேலைய இவரு விட்டாரா, இல்ல அவனுங்க வெரட்டிட்டானுங்களா, மொதல்ல அத கேளு" என்றார்.

நானாகத்தான் விட்டேன். கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு முடிதிருத்தும் கடையின் மேல்மாடியில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வாடகைத் தொழிலைப் பல வருடம் நடத்தி, போன வருடம் மூடினேன். இப்போது எல்லாரும் பெரிய நிறுவனங்களிடம் போய்விட்டார்கள். அதற்காக நான் மூக்கைச் சிந்தவில்லை. என் முழங்காலுக்கு மாடிப்படி ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். மிச்சமிருந்த வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்ட நிறுவனத்துப் பிள்ளைகள், "அங்கிள், எப்படி ஆரம்பிச்சீங்கன்னு எழுதுங்க லா. சக்சஸ் ஸ்டோரி நெறைய படிச்சிட்டோம், சொதப்புனதையும் போடுங்க" என்றார்கள். சொதப்பலுக்கு என்னிடம் தட்டுப்பாடே கிடையாது. எதை எடுப்பது என்பதுதான் சிரமம்.

படிப்பு பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு சரி. ரவாங்கில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தேன். ஸ்டோருக்குக் கணினி வந்தது. வாரம் ஒருமுறை படுத்தது. படுத்ததை எழுப்ப ஆள் வர இரண்டு நாளானது. ஒருநாள் நானே திறந்து பார்த்தேன். மூடும்போது இரண்டு திருகாணி மிச்சமாகிவிட்டது, ஆனால் ஓடியது. அந்த இரண்டு திருகாணிதான் என் பட்டம், சான்றிதழ் எல்லாம். அதை வைத்துப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தலைவர் ஆல்பர்ட் சார்.

ஆல்பர்ட் சார் மெலிந்த உடம்புக்காரர். எந்த இயந்திரம் நின்றாலும் ஓடமாட்டார். "சார், லைன் நின்னுருச்சு!" என்று சூப்பர்வைசர் வந்து குதித்தால், முதலில் போய்க் கை கழுவுவார். சவர்க்காரம் போட்டு, விரல் விரலாக. துடைத்துக்கொண்டே வந்து இயந்திரத்தின் முன் நிற்பார். "எல்லாரும் கைய பாக்கெட்ல போடு" என்பார். பாக்கெட் இல்லாத பெண்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் யாரும் எதையும் தொடக்கூடாது. சும்மா பார்க்க வேண்டும். அப்படிப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்த வெளிநாட்டு மேலாளர் ஒருவர், இது நம்மவர்களின் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் பக்தியோடு பையில் கைவிட்டு நின்றார்.

ஐந்து நிமிடம் கழித்து ஒரே கேள்விதான். "கடைசியா எவன் தொட்டான், என்னத்த தொட்டான்?"

"தெரியல சார்" என்று எவனாவது சொன்னால், "தெரியலன்னா நீதான்" என்பார். பெரும்பாலும் அவனாகத்தான் இருக்கும்.

நகல் எடுப்பதிலும் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஸ்டோர் பட்டியலை நகல் எடுத்து வைத்துவிட்டதாக ஒருமுறை பெருமையாகச் சொன்னேன்.

"திருப்பிப் போட்டுப் பாத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப நீ வச்சிருக்கது நகல் இல்ல, நம்பிக்க. நம்பிக்கய நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாத்துக்கறேன். இங்க நகல காட்டு."

இந்தக் கல்வியோடுதான் தொழில் தொடங்கினேன். நல்ல கணினி ஒன்று, மாற்றுக்கு ஒரு பழசு, இருபத்து நான்கு மணி நேரமும் இணைய இணைப்பு, அதேபோல இருபத்து நான்கு மணி நேரமும் ஏர்கோன். அந்தக் கணினியைத்தான் தொழிலில் சர்வர் என்போம். வாடிக்கையாளர்களின் தளங்களும் அவர்களுக்கு வரும் மின்னஞ்சல்களும் அதற்குள்தான் குடியிருக்கும். அது ஒருபோதும் அணையக் கூடாது, சூடாகவும் கூடாது. கீழே முடிவெட்டும் நடேசன் அண்ணன் வேர்த்து வழிந்துகொண்டே மேலே பார்ப்பார். "ஆளே இல்லாத ரூமுக்கு ஏர்கோன். அடுத்த ஜென்மத்துல நான் ஒன் கம்ப்யூட்டரா பொறக்கறேன் தம்பி."

வாடிக்கையாளர்கள் ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை. மின்மினி பார்க்கப் படகு விடும் ஒருவர், தளத்தில் மின்மினிகள் உண்மையிலேயே மின்ன வேண்டும் என்றார். மின்ன வைத்தேன். "ரொம்ப மின்னுது. இத பாத்துட்டா அப்புறம் எவன் படகுக்கு வருவான்? கொற" என்றார். புக்கிட் பெருந்துங்கில் ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்று வந்தது. அதுதான் என் பெரிய வாடிக்கையாளர். அவர்களால்தான் கடை ஓடியது என்று சொல்லலாம். அப்புறம் ஜெய்னம்பு லாத்தா.

லாத்தா என்றால் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பேச்சில் அக்கா. கணவரோடு சேர்ந்து விருந்துச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர். பட்டணத்தில் எல்லா மதத்துக்காரர்களுக்கும் அவர் லாத்தாதான். அவருக்கு நான் செய்து கொடுத்த தளத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. அதில் ஒரு நாட்காட்டி. நூறு பேருக்கு உட்பட்ட விருந்து என்றால் லாத்தாவைக் கேட்காமலே தளம் ஏற்றுக்கொள்ளும். அந்த நாள் பச்சையிலிருந்து சிவப்பாகும். "உங்கள் வேண்டுகோள் கிடைத்தது. சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும், இன்ஷா அல்லாஹ்" என்று பதில் தானாகப் போகும். யார், எங்கே, எத்தனை பேர் என்ற விவரம் லாத்தாவின் மின்னஞ்சலில் வந்து உட்காரும். அதை அவர் கடுதாசி என்பார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்காரர் வந்து சாப்பிட்ட பிறகுதான் கடுதாசியைத் திறப்பார். மற்ற நாட்களில் நாட்காட்டியின் நிறத்தை மட்டும் எட்டிப் பார்ப்பார். "தெனம் தெறந்தா தெனம் கவல. வெள்ளிக்கெழம தெறந்தா வாரத்துக்கு ஒரே கவல" என்பது அவர் கணக்கு.

இனி ஆயுத பூஜை.

என் மனைவி கமலா தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அங்கே அன்றைக்கு ரப்பர் பால்வெட்டும் கத்தி, பாராங் என்னும் வெட்டரிவாள், சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அன்று முழுக்க எவரும் எதையும் தொடமாட்டார்கள். ஆயுதத்துக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் அல்லவா? கடையில் வருடா வருடம் நான் ஓடுகிற கணினியின் வெளித் தகரத்தில் ஒரு பொட்டை வைத்துக் கற்பூரம் காட்டிவிடுவேன். அந்த வருடம் பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. கமலாவின் அண்ணன், லோரி ஓட்டுகிறவர், சுண்டலுக்காக வந்திருந்தார். பொட்டு வைக்கப் போன என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என்னா மச்சான், ஓடுற லோரிக்கு முன்னால நின்னு பொட்டு வைப்பீங்களா?"

"இது லோரி இல்ல மச்சான். நிப்பாட்டக் கூடாது."

"மூணு வருசமா நிப்பாட்டலயா? பாவம் லா! மாட்டக் கூட மத்தியானம் அவுத்து விடுவானுங்க."

கமலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இருபது வருட அர்த்தம் உண்டு. ஒரே ஒரு மணி நேரம், பத்திலிருந்து பதினொன்று, யார் தளம் பார்க்கப் போகிறார்கள்? முறைப்படி அணைத்தேன். ஏர்கோன் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. மச்சான் திருப்தியாகத் தலையாட்டினார். பூஜை அமோகமாக நடந்தது. தேங்காய் இரண்டாகப் பிளந்தது. "ஒடஞ்ச அழக பாத்தீங்களா, இந்த வருசம் ஓகோதான்" என்றார்.

பதினொரு மணிக்குப் பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றுமில்லை.

கணினிக்குள் விவரங்களைச் சேமிக்கும் வட்டு ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய வட்டை நிறுத்திக் குளிரவிட்டால், சில நேரம் அது ஒட்டிக்கொண்டு மறுபடி கிளம்பாது. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தேதான் அணைத்தேன். மச்சானுக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது.

நகல் இருந்தது. ஞாயிறுதோறும் ஒரு கையடக்க வட்டில் எடுத்து, திருப்பிப் போட்டுப் பார்த்து, வீட்டில் வைப்பேன். "அந்தச் சின்ன டிஸ்க்க வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தேன்.

"இங்கதான் இருக்கு" என்றாள் கமலா. "அதுவும் ஆயுதந்தானே?"

சாமி படத்துக்கு முன், வெற்றிலைத் தட்டில், முழுச் சந்தனக் காப்போடு இருந்தது. கம்பி செருகும் வாய்க்குள் சந்தனம் திணித்து, அதன்மேல் குங்குமம். "கண்ணு மாதிரி இருந்துச்சு, அங்க வச்சா லட்சணமா இருக்கும்னு வச்சேன்" என்றாள். அன்று மதியம் முழுவதும் நான் பல்குச்சியும் பழைய பல்துலக்கியும் வைத்து அந்தக் கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தேன். மாலை ஐந்து மணிக்கு மாற்றுக் கணினியில் எல்லாம் ஏறியது. ஆனால் எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை நிலவரம். அதற்குப் பிறகு வந்த ஐந்து நாள் மின்னஞ்சல், கிளம்ப மறுக்கும் வட்டுக்குள்.

மூன்று மணிக்கே லாத்தா போன் அடித்திருந்தார். "தம்பி, கடுதாசி தொறக்க மாட்டேங்குது."

"கே.எல். பக்கம் லைன் கோளாறு லாத்தா. சரியாயிரும்" என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு சரளமாக வந்தது.

ஆறு மணிக்கு மறுபடி அவரே. "தொறந்துருச்சு தம்பி. ஆனா புதுக் கடுதாசி ஒண்ணும் இல்ல. நேத்து பாக்கும்போது வர்ற ஞாயித்துக்கெழம கட்டம் செவப்பா இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். இப்ப பச்சையா இருக்கு. கேட்டவங்க வேணாம்னுட்டாங்களா?"

அந்தச் சிவப்பை அழித்தது நான். எவரோ ஒருவர் விருந்துக்குச் சொல்லியிருக்கிறார். சாப்பாடு வந்துவிடும் என்று நான் எழுதிவைத்த பதில் அவருக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் வாய் சொன்னது: "இருக்கலாம் லாத்தா."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப ஞாயித்துக்கெழம ரெஸ்ட்டுதான்" என்று வைத்துவிட்டார்.

போனை வைத்த கையால் ஆல்பர்ட் சாருக்கு அடித்தேன். அவரும் ஓய்வு பெற்று ரவாங்கில் இருந்தார். சத்தத்தை மட்டும் கேட்டார். டிக், டிக் என்று செய்து காட்டினேன். "காலைல வரேன். அதுவரைக்கும் கைய பாக்கெட்ல போட்டுக்க" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தார். நடேசன் அண்ணன் கடையில் சவர்க்காரம் வாங்கி விரல் விரலாகக் கழுவினார். மேலே வந்து கணினியின் முன் நின்றார். ஐந்து நிமிடம் நானும் அவரும் பையில் கைவிட்டு நின்றோம். தகரத்தில் பொட்டு இன்னும் பளிச்சென்று இருந்தது.

"கடைசியா என்னத்த தொட்ட?"

சொன்னேன்.

"நிப்பாட்டச் சொல்லி சாமி கேட்டுச்சா, ஒன் மச்சான் கேட்டானா?"

"மச்சான்தான் சார்."

"அப்ப சாமிய உள்ள இழுக்காத. ஆளுங்ககிட்ட என்னா சொல்லி வச்சிருக்க?"

லாத்தாவிடம் சொன்னதைச் சொன்னேன். சிவப்பு, பச்சை எல்லாம். திருப்புளியை எடுத்திருந்தவர் அதை மேசையில் வைத்துவிட்டார்.

"போன எடு. உண்மைய சொல்லு. அப்பறந்தான் நான் டிஸ்க்க தொடுவேன்."

"சார், மொதல்ல டிஸ்க்கு வருதான்னு பாத்துட்டு..."

"வரலன்னா? அந்தம்மாவுக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. ஒன் பொய்ய நம்பி அத தூங்கியே கழிக்கணுமா?"

அடித்தேன்.

"லாத்தா, நேத்து நான் சொன்னது பொய்."

"எது?"

"லைன் கோளாறுன்னது. பச்சையானதும் பொய். யாரும் வேணாங்கல. நாந்தான் பூஜைக்காக மெஷின நிப்பாட்டினேன். அஞ்சு நாள் கடுதாசி உள்ள மாட்டிக்கிச்சு."

பின்னால் கேட்டுக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது.

"அப்ப நாளைக்கு யாரோ எங்கள நம்பி ஆளுங்கள கூப்பிட்டிருக்காங்க."

"ஆமா லாத்தா."

"நேத்து ராத்திரி நான் நிம்மதியா தூங்கினேன் தம்பி. அதுதான் எனக்கு ஆத்திரமா இருக்கு."

இருபது நிமிடத்தில் மாடியேறி வந்தார். வரும் வழியிலேயே கறிக்கடையில் சொல்லிவைத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தெரிந்த பள்ளிவாசல்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். "நாளைக்கு யாரு வீட்டுலயாவது விருந்து இருக்கா? சாப்பாடு யாரு?" இரண்டு வீடு கிடைத்தது. இரண்டுக்கும் சமைப்பவர் வேறு. நான் பொய் சொல்லாதிருந்தால் இந்த வேலையை நேற்று மாலையே தொடங்கியிருப்பார். அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இதற்கிடையில் ஓட்டுத் தொழிற்சாலை மேலாளர் நான்கு முறை அடித்துவிட்டார். அவர்களுக்கும் ஐந்து நாள் மின்னஞ்சல் வேண்டும். முதலில் உங்களுடையதைத்தான் எடுப்பேன் என்று அவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த இரண்டு நாளில் நான் கொடுக்காத வாக்கே இல்லை.

ஆல்பர்ட் சார் வட்டைக் கழற்றி, நீளமான இணைப்புக் கம்பியில் மாட்டி, உள்ளங்கையில் தட்டையாக வைத்துக்கொண்டார். "நான் சொல்லும்போது கரண்ட் குடு" என்றார். கொடுத்த நொடியில், இறுகிப்போன ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகுவதுபோல மணிக்கட்டைச் சடக்கென்று ஒரு திருப்புத் திருப்பினார். டிக். மறுபடி. டிக். மூன்றாவது முறை, உள்ளே விர்ரென்று ஒரு சத்தம். லாத்தா எழுந்தே விட்டார்.

"எவ்வளவு நேரம் சுத்தும்னு தெரியாது. மொதல்ல எது வேணும்? ஒண்ணு சொல்லு" என்றார் சார், கையை அசைக்காமல்.

மேசையில் போன் அதிர்ந்தது. ஓட்டுத் தொழிற்சாலைதான். எடுக்கவில்லை. லாத்தாவின் மின்னஞ்சல் பெட்டியை எடுத்தேன்.

புதன்கிழமை வந்த கடுதாசி. கம்போங் குவாந்தான் பக்கத்தில் ஒரு வீடு. ஞாயிறு மதியம், எண்பது பேர். எழுதியவர் ஒரு மகள். "வாப்பாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. உப்பு கொஞ்சம் குறைவாகப் போடுங்கள். வாப்பாவுக்குப் பிரஷர் இருந்தது."

லாத்தா அதை இரண்டு முறை படித்தார். முகவரியை எழுதிக்கொண்டு, "அஞ்சு மணிக்கு எங்க கிச்சனுக்கு வாங்க. வெங்காயம் உரிக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஆல்பர்ட் சார் என்னைப் பார்த்தார். "போ. அழுதா வெங்காயம்னு சொல்லிக்கலாம்."

அடுத்து ஓட்டுத் தொழிற்சாலை பெட்டி. பாதி வந்திருக்கும். உள்ளே மணலை அரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. சார் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். அதன்பின் எத்தனை முறை திருப்பியும் அது எழவில்லை.

சனிக்கிழமை மாலை ஒரு மூட்டை வெங்காயம் உரித்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்டா தூக்கினேன், தட்டெடுத்தேன். சாப்பாடு பன்னிரண்டரைக்கு இறங்கியது. அந்த மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா இருந்தா ரெண்டு தட்டு சாப்பிட்டிருப்பாங்க" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எல்லாரிடமும் உண்மை சொல்லிவிடும் வெறி அன்று எனக்கு. லாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு, "இங்க வேணாம். தட்ட எடுங்க" என்றார்.

திங்கட்கிழமை எல்லா வாடிக்கையாளருக்கும் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். என்னிடம் தளம் வைத்திருந்த கோயிலின் செயலாளர், "பூஜைக்காகப் போனதுதானே, பாவம் ஒட்டாது" என்றார். படகுக்காரர், "மின்மினி பத்திரமா?" என்று மட்டும் கேட்டார். ஓட்டுத் தொழிற்சாலை மேலாளர் அமைதியாகப் பேசினார். "நீங்க நல்லா சாமி கும்பிடுங்க. நாங்க வேற எடம் பாத்துக்கறோம்." பார்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து மீள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஏர்கோன் பில்லைக் கட்டி மிச்சமிருந்தால்தான் எனக்குச் சம்பளம். அன்று எதை முதலில் எடுத்தேன் என்பதில் மட்டும் எனக்கு எந்த மறுயோசனையும் வந்ததில்லை. வாய் பொய் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. இளைய பிள்ளைகளுக்கு இதற்குமேல் தொழில் ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை. நகல் எடுங்கள், அதில் பொட்டு வைக்காதீர்கள். பழுதானால், நம்பியிருப்பவருக்கு முதலில் போன் அடியுங்கள்.

லாத்தா கடைசிவரை என்னிடமே இருந்தார். ஆனால் அடுத்த வருடத்திலிருந்து, ஆயுத பூஜைக்கு முதல் நாள், தவறாமல் ஒரு போன் வரும்.

"தம்பி, நாளைக்கு ஒங்க பூஜதானே? எல்லா கடுதாசியும் பிரிண்ட் எடுத்து வச்சிட்டேன். நீங்க தாராளமா சாமி கும்பிடுங்க."

"இப்பல்லாம் நிப்பாட்டறதில்ல லாத்தா. ஓடவிட்டுத்தான் கும்பிடறோம்."

"தெரியும் தம்பி. நான் சும்மாதான் எடுத்தேன்."